வாகன அலங்காரம்

நெடுந்தூரப் பிரயாணத்துக்கென்று மோட்டார் சைக்கிளைச் சீர்திருத்த முற்படுகிறவன் முதன்முதலில் நிச்சயிக்க வேண்டியது, அந்தப் பிரயாணத்தை எந்த மாதத்துக்கு ஒத்திப்போடுவது என்பதைத்தான். பெட்டி, விளக்கு, ஆசனம், காற்றுத் தடுப்பு முதலான மற்றவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே வந்து சேரும். அவற்றை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை.

என்னிடம் இருப்பது பழைய புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த இந்த யந்திரத்தை, அந்த ஊர்க் கம்பெனியாரும் மதராஸ் மோட்டார்ஸாரும் 1955-ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்து நம் திருவொற்றியூரில் உருவாக்கத் தொடங்கினார்கள் என்பதும், 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி அடியோடு நின்றுபோன பிறகும், பிறந்த வீடு பூட்டப்பட்ட பெண் புகுந்த வீட்டில் பிள்ளை குட்டிகளோடு அதிகாரம் செலுத்துவது போல அது இங்கே செழித்து வாழ்கிறது என்பதும் சென்னைவாசிகள் அறிந்த சங்கதி. 346 சி.சி. கொள்ளளவு, ஒரே ஒரு சிலிண்டர், அதன் விட்டம் 70 மில்லிமீட்டர் என்றால், அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட நீண்ட ஓட்டமுடைய எஞ்சின் அவசரப்படாது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் விட்டுவிட்டால், தனக்குள் ஏதோ பாராயணம் செய்துகொண்டே பகல் முழுவதும் போகும். எல்லையைக் காக்கப் புறப்பட்ட ராணுவத்தினர் இதை வாங்கியபோது போதும் என்று திருப்தியடைந்தார்கள். என் மனைவியின் தமையனார் திருப்தியடையவில்லை.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எஸ்டிமேட் போட்டே காலம் கழித்து ஓய்வு பெற்றவர். சொந்த உபயோகத்துக்கு ஒரு ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அதில் காய்கறிச் சந்தைக்கு அப்பால் அவர் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆயினும் மோட்டார் சைக்கிளில் தேசாந்தரம் செல்வது பற்றி அவர் படிக்காத புத்தகமும் பார்க்காத படமும் கிடையா. நான் கன்னியாகுமரி வரை போய்வரப் போகிறேன் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் ஒரு நீளத் தாளும் பென்சிலுமாக வந்து சேர்ந்தார்.

“மாப்பிள்ளை, வண்டி ஓடுறது பெரிசில்லை. அது மேலே நீங்க உட்காரணும். முதல்லே சீட்டைக் கவனியுங்க” என்றார்.

இந்த இடத்தில் ஆசன சாஸ்திரம் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று வாங்கப்படும் ஸ்பாஞ்சு, முதல் அரைமணி நேரம் சொர்க்கபோகத்தைத் தந்து, அதற்குப் பிறகு உடல் பாரத்தால் நசுங்கிப்போய், அடியிலுள்ள தகட்டையே நமக்கு ஆசனமாக அளித்துவிடும். தூரப் பிரயாணத்துக்கு உகந்தது, உட்கார்ந்தவுடன் ‘இது என்ன, பலகையா?’ என்று முகம் சுளிக்க வைக்கிற கெட்டியான ஸ்பாஞ்சுதான். புதுப்பேட்டையில் சீட்டு தைக்கும் பெரியவர் ஒருவர் இந்த ரகசியத்தை நன்கறிந்தவராகையால், மிகக் கெட்டியாக, மிகக் கனமாக ஓர் ஆசனம் தைத்துக் கொடுத்தார். அது என்னைப் பழைய இடத்திலிருந்து நாலு விரற்கடை உயர்த்திவிட்டது. உயர்ந்த இடத்திலிருந்து குனிந்து ஹேண்டில் பாரைப் பிடிக்க முதுகு நோகும் என்பதால் ஹேண்டில் பாரையும் உயர்த்த வேண்டியதாயிற்று. ஹேண்டில் பார் உயர்ந்ததும் கிளட்ச் கேபிளுக்கும் பிரேக் கேபிளுக்கும் நீளம் போதாமல் அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. என் கால்களை நீளமாக்குவது மட்டும் புதுப்பேட்டையிலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு பெட்டிகள். அலுமினியப் பெட்டிகள் இல்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்டக் கூடாது என்பது மச்சானின் சித்தாந்தம்; அதற்கு அவர் காட்டிய பிரமாணம் எல்ஸ்பெத் பியர்ட் அம்மையார். கட்டடக் கலை பயின்றுகொண்டிருந்த இந்த ஆங்கில யுவதி, 1974-இல் செய்யப்பட்ட பழைய பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் ஒன்றில் 1982-ஆம் ஆண்டு தன்னந்தனியே உலகத்தைச் சுற்றக் கிளம்பி, ஏறக்குறைய 35,000 மைல் ஓட்டிவிட்டு 1984-இல் வீடு திரும்பியவர். நடுவே சிட்னி நகரில் மாதக்கணக்கில் வேலை பார்த்து, ஒரு கார் கொட்டகையில் குடியிருந்து, அலுமினியத் தகட்டை மடித்துப் பூட்டும் சாவியுமாகப் பெட்டிகளைத் தாமே செய்துகொண்டார். பினாங்கிலிருந்து கப்பலேறி அவர் வந்து இறங்கிய ஊர் சாட்சாத் நம்முடைய மதராஸ்தான். அந்தப் பெட்டிகள் இல்லாமலே அவர் அமெரிக்க தேசத்தைக் குறுக்காகக் கடந்துவிட்டிருந்தார் என்பதை நான் சுட்டிக்காட்டினேன். “அதனாலேதான் மாப்பிள்ளை, அனுபவப்பட்டு அப்புறம் செஞ்சாங்க. நமக்கு அந்த அனுபவம் எதுக்கு?” என்று மச்சான் கேட்டார். தர்க்கத்தில் அவரை ஜயிக்க முடியாது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் வாகன அலங்காரச் சாமான்களை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே நிற்கிறவன் எந்த ஊருக்குப் போகிறான் என்று யாரும் விசாரிப்பதில்லை. எல்லாரும் லடாக்குக்குப் போகிறவர்கள் என்றே பாவிக்கப்படுகிறார்கள். மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் மலைப்பாதையில் தாண்டி என்ற இடத்திலுள்ள பெட்ரோல் பங்கில், அடுத்த பங்கு 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று போர்டு வைத்திருந்தார்கள். அந்த வழியே போகிறவர்கள் பெட்ரோல் டின் சுமப்பதில் அர்த்தமுண்டு. கூடுவாஞ்சேரிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, டீக்கடை இல்லாத இடத்திலும் பெட்ரோல் பங்கு இருக்கிற நம் ராஜபாட்டையில் அதைச் சுமப்பது எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டேன். “லுக்கு சார்” என்று அவர் பதில் சொன்னார். அவ்வளவு சத்தியவந்தரிடம் எதுவும் வாங்காமல் வருவதற்கு மனம் ஒப்பவில்லை. டின்னை விட்டுவிட்டுப் பெட்டிகளை வாங்கினேன்.

இனிமேல்தான் விஷயம் நியாய சாஸ்திரத்தின் எல்லைக்குள் பிரவேசிக்கிறது. என்னுடைய புல்லட் பழைய சம்பிரதாயத்தைச் சேர்ந்தது. கியரும் கிக்கரும் வலப்புறம், பின்பிரேக்கு இடப்புறம். அதை உதைத்துக் கிளப்புவதற்கு ஒரு கிரமம் உண்டு. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெள்ள அழுத்திக்கொண்டே முன்விளக்கின் தலையிலுள்ள ஆம்மீட்டரைக் கவனிக்க வேண்டும். அதன் முள் இடப்புறத்திலிருந்து நடுவுக்குத் திரும்பும் தருணத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்றே அப்பால் நகர்த்தி, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகே முழுமனத்தோடு உதைக்க வேண்டும். இந்த ஆசாரத்தில் குறை வைத்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும். வலப்பக்கத்துப் பெட்டி பொருத்தப்பட்டதும், உதைக்கிற காலின் குதிகால் நேரே பெட்டியின் விளிம்பில் போய் மோதியது. ஆகவே பெட்டிகள் இரண்டையும் பின்னால் தள்ளி வைத்தார்கள். பின்சக்கரத்தின் அச்சுக்கு அப்பால் போன பாரம் நெம்புகோல் நியாயப்படி முன்சக்கரத்தின் பளுவைக் குறைத்து, வேகம் ஏறும்போதெல்லாம் ஹேண்டில் பாரை ‘வேண்டாம் வேண்டாம்’ என்று தலையசைக்க வைத்தது. முன்புறத்துக்குப் பாரம் வேண்டுமே என்று பெட்ரோல் டாங்கின்மேல் பெரிய பை ஒன்றைக் கட்டினார்கள். அந்தப் பையின் உயரத்தால் ஆம்மீட்டர் மறைந்துபோயிற்று. ஆம்மீட்டர் தெரியாமல் உதைக்க முடியாது. உதைப்பதற்கு இடம் செய்யத்தான் பெட்டி நகர்ந்தது. பெட்டி நகர்ந்ததால்தான் பை வந்தது. காரணமும் காரியமும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வட்டமாக நின்ற அந்த அழகை நானும் மெக்கானிக்கும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். “பைய அவுத்துட்டு ஸ்டார்ட் பண்ணி, அப்பறம் கட்டிக்குங்க சார்” என்று அவர் தீர்ப்பளித்தார்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் அதிக விளக்குகளும் எனக்கு அதிக மனஸ்தாபம் தரவில்லை. அறுபது கிலோமீட்டரிலிருந்து எண்பதுக்கு வேகத்தைக் கூட்டினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1¾ மடங்காகிவிடும் என்பதால் கண்ணாடிக்கு நியாயம் உண்டு. ஆனால் அதன் மேல்விளிம்பு புருவத்துக்கு நேராக அமைந்துவிட்டால், மார்பில் படாத காற்றெல்லாம் ஒன்றுதிரண்டு ஹெல்மெட்டுக்குள் வந்து சங்கீதக் கச்சேரி செய்யும். விளக்குகளோ ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டையும் ஏற்றினால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் உறிஞ்சிவிடும். ஆம்மீட்டர் முள் இடப்புறக் கோடியில் சாய்ந்து படுத்துக்கொண்டது என்று பையை அவிழ்த்துப் பார்த்தபோது தெரிந்தது.

சைலன்ஸரை மாற்றும் யோசனையை மட்டும் ஆரம்பத்திலேயே நிராகரித்துவிட்டேன். தன் வருகையை மூன்று தெருவுக்கு அப்பாலிருந்து அறிவிக்க விரும்புகிறவன் தேர்தலில் நிற்கட்டும்; மோட்டார் சைக்கிள் வேண்டாம். தவிர, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர்கள் குறித்த லட்சணங்களுக்கு மாறாக, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. வண்டியைச் செய்தவனுக்கு ஏதோ கொஞ்சம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற ஸ்தாபனம் சட்டம் ஒன்றுதான் போலிருக்கிறது.

எஞ்சியிருந்தது சைடு ஸ்டாண்டு. பெட்டிகளில் சாமான் நிறைந்ததும் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கி வண்டி தணிந்தது. வண்டி தணிந்தால் ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடும். ஆகவே வண்டி சாய்ந்து நிற்காமல் விறைப்பாக நிமிர்ந்து நின்று, ஓர் இளங்காற்று வந்தாலும் மறுபக்கம் விழுவதற்குத் தயாராக இருந்தது. கெட்டியான ஸ்பிரிங் மாற்றியதில் பின்புறம் உயர்ந்து, ஸ்டாண்டு குட்டையாகி, வண்டி பூமியை நமஸ்கரிக்கப் போகிறாற்போல் சாய்ந்தது. ஸ்டாண்டின் பாதத்தில் ஓர் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்தார்கள். சாமான் உள்ளபோது அது அதிகம், சாமான் இல்லாதபோது அது போதாது என்ற நிலையில், மேலும் ஒத்திப்போட மாதங்கள் இல்லாதபடியால், ஒரு விடியற்காலையில் புறப்பட்டுவிட்டேன்.

தாம்பரம், செங்கல்பட்டு எல்லாம் கடந்து திண்டிவனத்துக்கு இப்பால் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். வண்டி யோசித்துப் பார்த்துவிட்டு, சாவதானமாக வலப்புறம் படுத்துக்கொண்டது. பெட்டிகள் நசுங்காமல் காப்பாற்றின என்று சொல்ல வேண்டும். தூக்கிவிட ஓடிவந்தவர் பிளாஸ்டிக் குடம் விற்கிற ஒருவர். அவருடைய வாகனம் டி.வி.எஸ். 50. 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து வந்த இந்த ஜாதியின் எஞ்சின் ஐம்பது சி.சி.யைத் தொடாது. அதன்மேல் குடங்களும் வாளிகளும் முறங்களும் மலையாகக் குவிந்து, பழைய டியூபைக் கிழித்த ரப்பர் வாரால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. கனமான சாமான்களெல்லாம் முன்னால், அவர் கால் வைக்கும் இடத்தில், தரையோடு தரையாக இருந்தன. மேலே இருந்தது பெரும்பாலும் காற்று. இந்தச் சிகரத்தை ஸ்டாண்டு போடாமல், ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்.

“பாரத்த இவ்ளோ பின்னால வெக்காதீங்க சார். கீழ வையுங்க, நடுவுல வையுங்க” என்று சொல்லி, என் பெட்டியிலிருந்த கருவிப் பையையும் செயினையும் எடுத்துக் கிராஷ் கார்டின் அடியில் தம்முடைய ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டினார். ஹேண்டில் பாரின் தலையசைப்பு அதோடு நின்றது. பிறகு சாலையோரத் தோப்பில் கிடந்த சவுக்குக் கம்பு ஒன்றைத் தேடி எடுத்து, என் இடுப்பு உயரத்துக்கு ஒடித்துக் கொடுத்தார். சாமான் அதிகமானால் கம்பைச் சாய்த்து வைக்க வேண்டும், குறைந்தால் நிமிர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. பணம் கொடுத்தேன், வாங்க மறுத்தார். ஆகவே ஒரு குடம் வாங்கினேன். அதைப் பின்னால் கட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்; வழியில் மூன்று ஊர்களில் விலை கேட்டார்கள்.

திரும்பி வந்ததும் மச்சான் வண்டியைச் சுற்றி வந்து பரிசோதித்தார். பெட்டியோரத்தில் செருகியிருந்த கம்பைக் கண்டு, “இது என்ன மாப்பிள்ளை, விறகா?” என்றார். நான் விளக்கம் சொன்னேன். வண்டியை அதில் நிறுத்தியும் காட்டினேன். அவர் வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கம்பின் நீளத்தை அளந்தார்.

“யோசனை நல்லாத்தான் இருக்கு. அலுமினியக் குழாய்லே பண்ணணும். மடக்குறாப்பிலே மூணு கணு. அடியிலே ரப்பர் குமிழ். வேணும்னா நுனியிலே சின்னதா ஒரு லைட்” என்று எழுதிக்கொண்டே போனவர், கடைசி வரியில் பென்சிலை நிறுத்தி, அதை வைப்பதற்கு நீளவாக்கில் ஒரு பெட்டி தேவைப்படும் என்றார். அந்தப் பெட்டியை வண்டியின் எந்தப் பக்கத்தில் மாட்டுவது என்பது பற்றித்தான் தற்சமயம் ஆலோசனை நடந்துகொண்டிருக்கிறது.