காத்து சரியில்லை தம்பி

வெறுங்கையோடு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். என் சகலன் காரணத்தோடு வருவார்.

"கொண்டல் தம்பி, கொண்டல். கிழக்குக் காத்தடிச்சால் மீன் வாய் திறக்காது."

லண்டனுக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகியும் ஊர்க் காற்றுகளின் பெயரை மனுசன் விடவில்லை. ஐரோப்பாவைத் தாண்டி எலும்பைக் குத்திக்கொண்டு வருவதும் அவருக்குக் கொண்டல்தான். அத்லாந்திக்கிலிருந்து தூறலோடு வெதுவெதுப்பாக வருவது சோளகம். சோளகம் அடித்தால் மீன் தின்னும் என்பார். அப்படியொரு சனிக்கிழமையும் போய்க் குந்தியிருந்தோம். அன்று காற்று சரி, அமுக்கம் பிழை.

வீட்டில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒரு அமுக்கமானி தொங்குகிறது. காலையில் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார், பிறகுதான் முருகனைக் கும்பிடுவார். முள் ஏறினால் வானம் வெளிக்கும், மீன் கூசி ஆழத்துக்குப் போய்விடும். முள் சட்டென்று விழுந்தால் மீனுக்குத் தலைசுற்றும். "மூண்டு நாள் ஒரே மாதிரி நிக்கவேணும் தம்பி. பிறகு பாரும்." இங்கிலாந்தில் வானம் மூன்று மணித்தியாலம் ஒரே மாதிரி நின்றதை நான் பார்த்ததில்லை.

மாதத்துக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். தையில் தண்ணீர் விறைத்துவிட்டது. மீன் குளிர் இரத்தப் பிராணி, அதற்குப் பசியே வராது. பங்குனியில் பனி உருகிய தண்ணீர். சித்திரையில் பகலில் வெயில், இரவில் உறைபனி, மீனுக்குக் குழப்பம். ஆடியில் தண்ணீர் சூடேறி ஒட்சிசன் குறைவு. ஐப்பசியில் இலை விழுந்து குளம் கெட்டுவிட்டது. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை. முழுப்பொய் என்றால் ஒரு நாள் பிடித்துவிடலாம்.

ஆனால் அவருக்கு மிகவும் பிடித்த காரணம் வைகாசியில்தான் வரும்: சினை.

சமனும் ட்ரவுட்டும் போக மிச்சமுள்ள நன்னீர் மீன்களை இந்த நாட்டார் 'கோர்ஸ்' மீன் என்பார்கள். பைக் மாசி, பங்குனியிலேயே முட்டையிட்டுவிடும். பிறகு பேர்ச், பிறகு ரோச், பிரீம். தண்ணீர் 18 பாகையைத் தாண்டினால் கார்ப்பின் முறை. நடுவில் இரண்டு நாள் வாடை அடித்தால் கார்ப் நிறுத்திக்கொள்ளும். வெயில் வந்ததும் மறுபடி தொடங்கும். ஆக, பருவநிலை தளம்பத் தளம்ப என் சகலனின் காரணம் ஆடி வரைக்கும் நீளும். முட்டையிட முன்னம் "அதுக்கு மனம் சாப்பாட்டிலை இல்லை." இடும்போது "இப்ப தொந்தரவு செய்யிறது பாவம்." இட்ட பிறகு "களைச்சுப் போச்சுது, பாவம்."

போன வருடம் எசெக்ஸில் ஒரு குளம். கரையோர நாணல் முழுக்கச் சளார் சளார் என்று ஒரே அமளி. கைக்குழந்தை அளவு கார்ப்புகள் முதுகு தெரிய ஒன்றையொன்று துரத்துகின்றன. எங்கள் சப்பாத்தில் தண்ணீர் தெறிக்கிறது. தூண்டிலை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணை, இவ்வளவு மீன் நிக்குதே?"

"கலியாண வீட்டிலை மாப்பிளையைக் கூப்பிட்டுப் புழு வேணுமோ எண்டு கேக்கிறீர்."

சற்று நேரத்தில் குளத்துக் காவலர் வந்து, மீன் முட்டையிடுகிறது, இந்தப் பக்கம் தூண்டில் போடவேண்டாம் என்றார். சகலனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அவருடைய காரணத்துக்கு அன்றுதான் அரச முத்திரை விழுந்தது.

இதற்கென்றே 1878 இல் ஒரு சட்டம் போட்டார்கள். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டிலுக்கு ஓய்வு. ஆறுகளில் இன்றைக்கும் அப்படித்தான். பெரும்பாலான குளங்களுக்கு மட்டும் 1995 இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் என் கையில் கிடைத்தால் கேட்பேன்: மீனைப் பற்றி யோசித்தீர்கள், சரி, சகலன்மாரைப் பற்றி யோசித்தீர்களா? மூன்று மாதச் சனிக்கிழமைகள் ஐயா! விடியப்புறம் நாலு மணி, மடக்குக் கதிரை, ஆறிப்போன தேத்தண்ணி. அது போகட்டும். வெள்ளி இரவில் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், தோசைமாவுக்குப் பக்கத்தில், உயிருள்ள புழு அரை லீட்டர். அவர் மனைவி தன் வீட்டில் வைக்க விடமாட்டாவாம்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இந்தக் குளங்களில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு எவனும் மீனோடு வருவதில்லை. "பத்து இறாத்தல் கார்ப் ஒண்டு பிடிச்சன், விட்டிட்டன்" என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? உலகத்திலேயே பொய் சொல்ல இதைவிட வசதியான பொழுதுபோக்கு கிடையாது. என் சகலன் ஒரு நாளும் சொன்னதில்லை. வாசலில் நின்று, "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் காற்றைத் தொடங்குவார்.

இந்த வைகாசியில் ஒரு நாள் பிடித்தார்.

கொண்டல் அடித்தது. முள் ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு குளிர். மிதப்பு மெல்ல ஆடி, சரிந்து, அமிழ்ந்தது. பாசி நிறத்தில், சிவந்த கண்ணோடு, கொழுத்த தென்ச் ஒன்று. சகலன் கொக்கியைக் கழற்றி, இரண்டு கையாலும் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, போக விட்டார். கதிரையில் அமர்ந்தார். சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் அரை மணித்தியாலம் பேச்சில்லை.

"அது ஏன் தம்பி பிடிபட்டது? காத்தும் பிழை, அமுக்கமும் பிழை."

"பசிச்சிருக்கும் அண்ணை."

வீதியிலிருந்து கண்ணை எடுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிடவில்லை. எட்டு மணி வரைக்கும் நித்திரை கொண்டேன்.