கயத்தாறு போய்ச் சேராத கட்டபொம்மன்

கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறு, கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துச் சொச்சம். அங்கே நிற்கும் சிலையை 1970இல் வைத்தவர் சிவாஜி கணேசன். ஆகவே 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எங்களுக்கு சினிமா இல்லை, பக்கத்து ஊர்ச் சமாச்சாரம். அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நிறுத்தியது கம்ப்யூட்டர். வசவு வாங்கியது நான்.

டிஜிட்டலில் துலக்கிய படம் 2015இல் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது அப்பா முழங்கால் வலியில் கிடந்தார். அந்தக் குறை தீர, தங்கச்சி மகன் ஒருநாள் பென்டிரைவோடு வந்தான். எங்கே பிடித்தாய் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். “ஃபுல் எச்டி தாத்தா, ஆயிரத்து எண்பது” என்றான். விலையைச் சொல்கிறான் என்று நினைத்து அப்பா கொஞ்சம் பதறிவிட்டார்.

படம் ஓடியது. அதாவது சத்தம் ஓடியது, படம் நடந்தது. ஜாக்சன் துரை வாயைத் திறக்கும்போதே கட்டபொம்மன் பதில் சொல்லி முடித்திருந்தார். கட்டபொம்மன் மீசை துடிக்கும்போது வந்த குரல் துரையுடையது. “ஏலே, வெள்ளைக்காரனுக்கு எதுக்குடா சிவாஜி டப்பிங் குடுக்காரு?” என்றார் அப்பா. அடுத்த நிமிஷம் திரையில் பச்சைக் கட்டங்கள் பரவி, துரையின் தொப்பியும் கட்டபொம்மனின் கிரீடமும் ஒன்றாகக் கலந்து, எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

“கலைஞர் குடுத்த டிவியில இந்தச் சீக்கு உண்டா?” என்று அம்மா கேட்டாள். 2006 தேர்தலில் சொல்லிக் கொடுத்த அந்த 14 அங்குல டிவியில் கையில் இருப்பது வாளா வேலா என்று தெரியாது. ஆனால் யாரும் நின்றது கிடையாது.

கம்ப்யூட்டரின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி இன்ஜினியரிங் சேர்ந்தபோது வாங்கியது. இன்டெல் ஜி31 போர்டு, பென்டியம் டூயல் கோர், ஒரு ஜிபி ராம். 2007இல் வந்த அந்த ஜி31 சிப்செட்டை ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் அசெம்பிள் பண்ணாத கடை இல்லை. இன்னமும் எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளில் அது உயிரோடு உழைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு ஊரில் வைத்தியர் பஞ்சமே வராது. டீக்கடையில் வாயைத் திறந்தால் போதும், “ராம் போடு” என்பார் ஒருவர். “ஃபார்மட் அடி” என்பார் இன்னொருவர். இவர் எல்லாச் சீக்குக்கும் ஃபார்மட்தான் சொல்வார், மானிட்டர் எரியவில்லை என்றாலும். பக்கத்துத் தெரு வாத்தியார் எஸ்எஸ்டி போட்ட கதையைச் சொன்னார். விண்டோஸ் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறதாம். “படம்?” என்று கேட்டேன். “அது பழைய எடத்துலதான் நிக்கிது. ஆனா சீக்கிரமாப் போயி நிக்கிது” என்றார். ஒரு கடையிலோ கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் “எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசு எடுங்க” என்றார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு அவர்கள் சொன்ன தொகையை அப்பாவிடம் சொன்னேன். “அந்தத் தகரப் பெட்டியப் பழைய இரும்புக்குப் போட்டாக் கூடக் கெடைக்கும்” என்றார்.

கடைசியில் எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை. கடைக்காரத் தம்பி பெட்டியைக் கழற்றியதும் முதல் வேலையாக புளோயரை எடுத்து உள்ளே அடித்தான். கரிசல் மண் புழுதி வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்தது மிளகாய் நெடி. அம்மா விளாத்திகுளத்து வத்தலைக் காயவைத்து அள்ளி மூட்டை கட்டுவது கம்ப்யூட்டர் இருக்கும் பட்டாசலில்தான். வருஷக்கணக்கில் சிபியு ஃபேன் அந்தக் காரத்தை இழுத்துச் சேர்த்திருக்கிறது. கடைக்குள் இருந்த அத்தனை பேரும் தும்மினோம். மொபைலுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த ஒருவர் ஒட்டாமலே போய்விட்டார்.

“அண்ணாச்சி, ஹீட்சிங்க்ல பேஸ்ட்டு காஞ்சு பொறுக்காப் போச்சு. அதான் பாதிச் சூடு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே புதுப் பேஸ்ட் தடவினான். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டுப் படத்தைப் போட்டான். சிபியு நூறில் முட்டிக்கொண்டு நின்றது. ராமில் இடம் மிச்சம் கிடந்தது. ஆக, காட்டிக்கொடுத்தது ராம் இல்லை. காட்டிக்கொடுத்தவர் என்றதும் உங்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். எனக்கு அவர் ஊரில் சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், எழுதமாட்டேன்.

விஷயம் இதுதான். ஃபுல் எச்டி என்றால் ஒரு படத்துக்கு 1920க்கு 1080 புள்ளி, அதாவது இருபது லட்சத்துக்கு மேல். நொடிக்கு 24 படம். சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்கே கிட்டத்தட்ட 150 எம்பி வரும், பென்டிரைவில் பாட்டு முடிவதற்குள் இடம் முடிந்துவிடும். அதனால் முதல் படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்து அமுக்குகிறார்கள். 2003இல் வந்த எச்.264 என்ற முறை அமுக்குவதில் கெட்டிக்காரி. போடும்போது அதை யாராவது பிரிக்க வேண்டுமே! ஜி31இல் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராபிக்ஸ் டிவிடி காலத்து முறைக்கு மட்டும் ஒத்தாசை பண்ணும். மிச்சம் எல்லாம் சிபியு தலையில்.

இதை அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று திணறினேன். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் அவர். “பிரஸ்ல அமுக்கின பஞ்சு பேல் மாதிரிப்பா” என்று ஆரம்பித்ததும் அவரே முடித்துவிட்டார்: “அப்போ புளோ ரூம் இல்லாம மில்லு ஓட்டியிருக்கான். 170 கிலோ பேலை ஒருத்தன் கையால பிச்சுப் பிச்சுப் போட்டா ஸ்பின்னிங்ல எப்படிடா நூல் வரும்? எத்தனை குடோன் கட்டி என்ன பிரயோசனம்?” குடோன் என்று அவர் சொன்னது ராமை. ராம் போடச் சொன்ன டீக்கடை நண்பரை இந்த மனிதரிடம் ஒருநாள் கூட்டி வர வேண்டும்.

புளோ ரூமுக்குப் பெயர் கிராபிக்ஸ் கார்டு. கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் விலையுயர்ந்த கார்டு இல்லை. 2009இல் வந்த என்விடியா ஜிஃபோர்ஸ் 210 போதும். எச்.264ஐப் பிரிப்பதற்கென்றே அதில் தனிப் பகுதி இருக்கிறது. தனியாக மின்சார வயர் கேட்காது, பழைய எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். சென்னையில் இருக்கும் மச்சான் ரிச்சி தெருவில் பழைய கார்டு ஒன்றைப் பிடித்து அனுப்பினார். காசு வாங்க மாட்டேன் என்றார், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போதுமாம். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த மிட்டாயின் விலையும் மச்சானின் பசியும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. கணக்குப் பார்த்தால் காசே கொடுத்திருக்கலாம்.

கார்டைச் சொருகி, டிரைவர் போட்டு, விஎல்சியில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை ஆன் பண்ணியதும் நூறில் நின்ற சிபியு பத்துப் பதினைந்துக்கு இறங்கிவிட்டது. துரை கேட்டார், கட்டபொம்மன் பதில் சொன்னார், அவரவர் குரலில். அப்பா கயத்தாறு வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் “நம்ம ஊரு மண்ணு கலரே இதுல சரியா இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்காரத் தம்பி இன்னொரு குண்டைப் போட்டான். என் மானிட்டர் 1366க்கு 768. ஃபுல் எச்டியின் புள்ளிகளில் ஏறக்குறைய பாதியைத்தான் அது காட்ட முடியும். 720 ஃபைலே அதற்குப் போதும், பழைய சிபியு அதைத் தனியாளாகவே இழுத்திருக்கவும் கூடும். “இதை முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?” என்றேன். “நீங்க படம் நிக்கிதுன்னு வந்தீங்க அண்ணாச்சி. மானிட்டரப் பத்திக் கேக்கலையே” என்றான். நியாயம்தான்.

போன மாதம் அக்கா மகள் கல்யாண வீடியோ வந்தது. தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளை கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஸ்டுடியோக்காரர் எச்.265இல் போட்டுக் கொடுத்திருக்கிறார். 2013இல் வந்த அந்த முறை இன்னும் இறுக்கமாக அமுக்கும், ஜிஃபோர்ஸ் 210க்கு அதைப் பிரிக்கத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் 2017இல் வந்த ஜிடி 1030 மாதிரி கார்டு வேண்டும். அதற்கு எத்தனை கிலோ கடலைமிட்டாய் என்று மச்சானிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே சொந்தபந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் வீடியோக்காரரிடம் “எச்.264, 720” என்று சொல்லி வாங்கி வாருங்கள். 265ஐக் கொண்டுவந்தால், மாப்பிள்ளை ஏன் இன்னும் தாலி கட்டவில்லை என்று எங்கள் அப்பா கேட்பதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.