ஆட்டுக்கு அனுமதி, ஆளுக்கு இல்லை

பனியன் கம்பெனி லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல்தானா? எரிமலைத் தீவு, காட்டு உயிர், சாகசம் என்று ஒரு டூர் கிடையாதா?
— வாசகர், திருப்பூர்

உண்டு, பாஸ்போர்ட்கூட வேண்டாம். இந்தியாவில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. கடல் வழி. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு தூங்கிவிட்டு, 1991இல் எழுந்து வெடித்தது. மனிதர் குடியில்லை, எப்போதோ கொண்டுவந்து விடப்பட்ட வெள்ளாடுகளின் வம்சம் வாழ்கிறது.

இறங்கி, மலை ஏறலாமா?

ஆடாகப் பிறந்திருந்தால் ஏறலாம். சுற்றுலாப் பயணிக்குக் கப்பல் தளம்தான். அங்கிருந்தே புகையைப் பார்க்கலாம். உண்மையான சாகசம் தண்ணீருக்கடியில்: அனுமதி பெற்ற ஸ்கூபா குழுவோடு இறங்கினால், கரிய எரிமலை மணல், அதன்மேல் பவளம், அதிர்ஷ்டம் இருந்தால் மான்டா திருக்கை.

அங்கே அபூர்வப் பறவை ஏதாவது?

அந்தமானின் நார்கொண்டம் தீவும் எரிமலைதான். பரப்பு சுமார் 7 சதுர கி.மீ.தான். நார்கொண்டம் இருவாச்சிக்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் வீடு. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் முழுக்கக் கருப்பு. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் அடைந்துகொள்ளும். பழம் பொறுக்கி ஊட்டுவது ஆண். சம்பளமில்லாத ஓவர்டைம்!

இந்த மாதம் கையில் காசில்லையே?

உங்கள் திருப்பூர் நஞ்சராயன் குளம் எதற்கு இருக்கிறது? 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம், 2024இல் ராம்சார் தலம். குளிர்காலத்தில் இமயம் தாண்டும் பட்டைத்தலை வாத்தும் அங்கே தென்பட்டிருக்கிறது. விசா கேட்டதாகத் தகவல் இல்லை.