வேலியைப் பாத்து எண்ணு, மோனை

வா மோனை, உந்தக் குந்திலை இரு. உன்ரை கட்டுரையை வாசிச்சனான். நாலு நிறத்திலை தூண், ஒரு வட்டப் படம், நடுவிலை உன்ரை படம். எழுத்துத்தான் கொஞ்சம் குறைவு. உதுக்குத் தரவு ஊடகவியல் எண்டு பேராம். கொழும்பிலை ஹோட்டலிலை வைச்சுப் படிப்பிச்சவையாம், கழுத்திலை அட்டையும் போட்டு விட்டவையாம். நல்லது. மத்தியானச் சாப்பாடாவது உருப்படியாய்த் தந்திருப்பினம்.

தலைப்பிலைதான் எனக்கு இடிச்சுது. யாழ்ப்பாணம் 29.7 வீத மக்களை இழந்தது எண்டு போட்டிருக்கிறாய். உந்தத் தசம் ஏழு என்னத்துக்கு? தசம் போட்டால் சனம் வாயை மூடும் எண்டு ஆர் சொல்லித் தந்தது?

நீ செய்த கணக்கை நானும் செய்து பாத்தனான். 1981 குடிசன மதிப்பிலை யாழ்ப்பாண மாவட்டம் 830,552 பேர். 2012 இலை 583,882. கழிச்சுப் பிரிச்சால் 29.7 வரும்தான். கல்குலேட்டரிலை பிழையில்லை. வேலியிலைதான் பிழை.

அரை முழக் காணிக்கு மூண்டு தலைமுறையாய்க் கோடு ஏறின ஊரிலை பிறந்தனி. எல்லைக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டால் இஞ்சை கொலை விழும். ஒரு மாவட்டத்தின்ரை வேலி மாறினது உன்ரை கண்ணிலை படேல்லையோ? கிளிநொச்சி தனி மாவட்டமாய்ப் பிரிஞ்சது 1984 இலை. 1981 இலை எண்ணேக்கை அதுவும் யாழ்ப்பாணம்தான். 2012 இலை எண்ணேக்கை அது வேறை வளவு. கிளிநொச்சிப் பக்கத்து 91,764 பேரை நீ ஒரு வரியிலை காணாமல் ஆக்கிப்போட்டாய். ஆமிக்காரன் கூட உவ்வளவு கெதியாய்ச் சனத்தை எழுப்பினதில்லை.

இப்ப இருக்கிற வேலிக்குள்ளை 1981 இலை இருந்தது 738,788 பேர். அதிலையிருந்து கழி. 154,906 வரும். நூற்றுக்கு இருவத்தொண்டு. ஐஞ்சிலை ஒரு பங்கு சனம் இல்லை. உது போதாதோ உனக்கு? உள்ள துக்கத்தைச் சொன்னால் ஆரும் அழமாட்டினம் எண்டு நினைச்சு, இல்லாததையும் சேத்து ஒப்பாரி வைக்கிறியோ? பேந்து கொழும்பிலை ஒருத்தன் உன்ரை பிழையைப் பிடிச்சானெண்டால், உண்மையான ஒண்டரை லட்சத்தையும் பொய்யெண்டு தள்ளிவிடுவான். அவனுக்கு நீதான் கத்தி தீட்டிக் குடுத்தனி.

உள்ளுக்கை இன்னொரு கூத்து. குடாநாட்டு மக்கள் 583,882 எண்டு எழுதியிருக்கிறாய். நெடுந்தீவு குடாநாட்டிலையோ கிடக்கு? குறிகட்டுவானிலை வள்ளம் ஏறிப் பாத்தனியோ? பளை குடாநாட்டுக்குள்ளைதான், ஆனால் அது கிடக்கிற பச்சிலைப்பள்ளி கிளிநொச்சி மாவட்டம். மாவட்டம் எண்டு எழுதவேண்டிய இடத்திலை குடாநாடு எண்டு எழுதினால் தீவுச் சனத்தைக் கரைக்கு இழுக்கிறாய், பளைச் சனத்தைத் துரத்துறாய்.

சரி, உந்தக் கோட்டுப் படத்துக்கு வருவம். 1981 இலையிருந்து 2012 வரைக்கும் ஒரே நேர்கோடு. வடிவாய்ச் சரிஞ்சு இறங்குது. நடுவிலை ஆர் எண்ணினது? 1991 இலை எண்ணவே இல்லை. 2001 இலை நாட்டிலை பதினெட்டு மாவட்டத்திலைதான் முழுசாய் எண்ணி முடிச்சவை. எங்கடை பக்கம் அதிலை இல்லை. முப்பத்தொரு வருசத்துக்கு உன்னட்டை இருக்கிறது ரெண்டே ரெண்டு புள்ளி. அடிமட்டம் வைச்சு இழுத்துப்போட்டாய்.

1990 ஒக்டோபரிலை முஸ்லிம் சனத்தை உடுத்த துணியோடை வெளிக்கிடுத்தினதுக்கு உன்ரை கோட்டிலை எங்கை இடம்? 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரா வலிகாமம் முழுக்க எழும்பி, நாவற்குழிப் பாலத்தடியிலை ஆளோடை ஆள் நசிஞ்சு தென்மராட்சிக்கு நடந்ததே, அண்டைக்கு உந்தக் கோடு என்ன செய்தது? ஒரு நடுக்கமும் இல்லை அதிலை. எண்ணாத வருசத்துக்கு வெறுமையாய் விடு. கீழை எண்ணேல்லை எண்டு எழுது. அதுவும் செய்திதான்.

தேர்தலுக்குப் போவம். சனத்தொகை குறைஞ்சதாலை யாழ்ப்பாணத்துக்குப் பாராளுமன்ற ஆசனம் குறைஞ்சது எண்டு ஒரு பெட்டிச் செய்தி. 2010 இலை ஒம்பது, 2015 இலை ஏழு, 2024 இலை ஆறு. எண்ணிக்கை சரி. ஆனால் ஆசனத்தைப் பங்கு போடுறது வாக்காளர் இடாப்பை வைச்செல்லோ? குடிசன மதிப்பிலை தொட்டில் பிள்ளையும் ஒரு ஆள். தொட்டில் பிள்ளைக்கு ஆர் வாக்குச்சீட்டு அனுப்பினது? முசுப்பாத்தி என்னெண்டால், தேர்தலிலை யாழ்ப்பாண மாவட்டம் எண்டால் கிளிநொச்சியும் சேத்தி. கச்சேரிக்கு ஒரு வேலி, தேர்தலுக்கு ஒரு வேலி. பேர் மட்டும் ஒண்டு.

முல்லைத்தீவையும் விடேல்லை நீ. 2012 க்கும் 2024 க்கும் இடையிலை வருசத்துக்கு 2.23 வீத வளர்ச்சி, நாட்டிலேயே ஆகக்கூட. உடனை பிள்ளைப்பேறு கூடிப்போச்செண்டு எழுதிப்போட்டாய். எருது கண்டு போட்டுதெண்டால் தொழுவத்திலை கட்டு எண்ட கதை. 2012 மார்ச்சிலை எண்ணேக்கை சனம் இன்னும் ஊர் திரும்பி முடியேல்லை. வவுனியா மெனிக் பாம் முகாமை மூடினதே அந்த வருசம் செப்டெம்பரிலைதான். திரும்பி வந்தவனையும் நீ பிறந்தவன் எண்டு பதிஞ்சிருக்கிறாய்.

எனக்கு ஆகப் பிடிச்சது பெண் தலைமைத்துவக் குடும்பம் பற்றின பந்தி. பெண்கள் தலைமை தாங்குற குடும்பம் எவ்வளவோ, அவ்வளவு பேரும் விதவையள் எண்டு எழுதியிருக்கிறாய். போன முறை எண்ண ஒரு பிள்ளை டப்லெட்டோடை எங்கடை படலைக்கு வந்தது. நாய் குலைச்சுது, மனிசி ஓடிப்போய்ப் பிடிச்சுக் கட்டினா. குடும்பத்துக்கு ஆர் தலைமை எண்டு பிள்ளை கேட்டுது. நான் வாய் திறக்க முதல் மனிசி நான்தான் எண்டா. பிள்ளையும் என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டுப் பதிஞ்சுது. உன்ரை கணக்கிலை அண்டைக்கே நான் செத்தாச்சு. என்ரை எட்டுச் செலவு எப்ப எண்டும் ஒருக்கா எழுதிவிடு.

பகிடியை விடு. அந்தப் பெட்டிக்குள்ளை போரிலை புருசனைக் குடுத்தவளும் இருக்கிறாள். காணாமல் போனவனைத் தேடி வருசக்கணக்காய்ப் படம் பிடிச்சு நிக்கிறவளும் இருக்கிறாள். புருசன் கனடாவிலை பனி தள்ளி மாசாமாசம் காசு அனுப்புறவளும் இருக்கிறாள். விட்டிட்டு வந்தவளும் இருக்கிறாள். எல்லாருக்கும் ஒரே பேரை வைச்சால், தேடிக்கொண்டு நிக்கிறவளுக்கு நீ தாலி அறுத்துப்போட்டாய் எண்டெல்லோ அர்த்தம்? வீட்டுத் தலைமை ஒரு பத்தி, விவாக நிலை இன்னொரு பத்தி. ரெண்டும் தனித்தனியாய்த்தான் அச்சடிச்சுக் கிடக்கு. பக்கத்தைப் புரட்டப் பஞ்சிப்பட்டால் என்ன செய்யிறது?

உனக்குக் கெட்டித்தனம் இருக்கு மோனை, பொறுமைதான் இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலை 435 கிராம அலுவலர் பிரிவு. ஒண்டிரண்டிலையாவது விதானையாரைக் கண்டு, பேப்பரிலை இருக்கிற வீட்டிலை ஆள் இருக்கோ, பூட்டுத் தொங்குதோ எண்டு பாத்திட்டு எழுது. 2024 மதிப்பின்ரை அட்டவணையளைக் கையிலை எடுக்கேக்கை, கீழை சின்ன எழுத்திலை கிடக்கிற குறிப்பை முதல் வாசி. எந்த எல்லை, எந்தத் திகதி, வழக்கமாய் இருக்கிற ஆளோ அண்டைக்குப் படுத்த ஆளோ எண்டு பார். இப்ப எழும்பிப் போய், நாளைப் பேப்பரிலை 29.7 ஐ 21 எண்டு திருத்திப் போடச் சொல்லு. முதல் பக்கத்திலை போட்ட பிழையை முதல் பக்கத்திலையே திருத்தச் சொல்லு.