பதினெட்டுக் குழியும் ஏழு பேர்ச்சும்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். கோல்ஃப் திடலைச் சுற்றி வீடு கட்டி விற்கும் திட்டம் பற்றிய மினுமினுப்பான புத்தகம் ஒன்றை யாரோ அட்டன் பஸ்ஸில் ஏறியவர்கள் கையிலெல்லாம் திணித்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. தாள் அருமை, ரொட்டி சுற்றினால் எண்ணெய் வெளியே வராது.

*கேள்வி: 'மாஸ்டர் பிளான்' என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறார்கள். அப்படி என்றால் என்ன, அண்ணே? (வட்டவளை)*

பதில்: பாதை, தண்ணீர், கரண்ட், வீடு, கிளப், கோல்ஃப் திடல் எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே வரைபடத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த வரைபடத்தில் 'உத்தேச' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உத்தேச கிளப், உத்தேச நீச்சல் குளம், உத்தேச பாதை. தவணைப் பணம் ஒன்றுதான் உத்தேசம் இல்லை, தேதி போட்டு வாங்குவார்கள். இன்றைக்கு மண்ணில் நிற்பதற்கு மட்டும் விலை பேசுங்கள். மற்றதெல்லாம் எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிரதேச சபை அங்கீகரித்த வரைபடத்தின் பிரதியையும் கேளுங்கள். புத்தகத்துப் படத்தைக் கோர்ட்டில் நீட்டினால் "அழகாக இருக்கிறது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

*கேள்வி: ஏன், நம்ம வட்டவளையிலேயே ஒரு கோல்ஃப் திடல் போட்டால் என்ன? (கரோலினா)*

பதில்: போடலாம். பாலைவனத்தில் திடல் போடும் துபாய்க்காரனுக்குப் புல்லுக்குத் தண்ணீர் கொண்டுவருவது கவலை. வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் நமக்கு, புல்லிலிருந்து தண்ணீரை எப்படி வெளியே அனுப்புவது என்பது கவலை. ஜூன், ஜூலையில் பந்து குழிக்குள் விழாது, மிதக்கும். கான் வெட்டத் தெரிந்த ஆட்கள் மட்டும் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு.

*கேள்வி: இலங்கையில் இந்த ஆட்டம் எப்போது வந்தது? பார்த்துப் படிக்க ஓர் இடம் சொல்லுங்கள். (கினிகத்தேனை)*

பதில்: கொழும்பில் 1879, நுவரெலியாவில் 1889. கொழும்புத் திடலுக்கு நடுவே களனிவெளி ரயில் போகும். நுவரெலியாத் திடல் பட்டணத்துக்கு நடுவிலேயே கிடக்கிறது. அங்கே ஊரும் புல்லும் சேர்ந்து வளர்ந்தன, யாரும் யாருக்கும் மனை விற்பதற்காகப் புல் நடவில்லை. நீங்கள் கேட்கிற மாதிரிக்கு, திகனைப் பக்கம் ராஜவெல்லையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1999இல் திறந்த திடலைப் போய்ப் பாருங்கள். டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. ஒரு தடவை சனிக்கிழமையும் ஒரு தடவை புதன்கிழமையும் போங்கள். சனிக்கிழமை விளம்பரம் தெரியும், புதன்கிழமை வாழ்க்கை தெரியும்: திடலைச் சுற்றியுள்ள எத்தனை வீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது, வளவில் துணி காய்கிறதா, கேட்டில் நிற்பவர் உங்களைப் பார்த்ததும் கதிரையிலிருந்து எழுந்திருக்கிறாரா என்று. 2020 ஆகஸ்டிலிருந்து அந்தத் திகனைப் பக்கம் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் வெடிப்பு இருந்தால் பழையதா, புதிதா என்று கேட்கலாம்.

*கேள்வி: தேயிலை மலையைத் துண்டு போட்டு வில்லா கட்டி விற்கப்போகிறார்களாம். வாங்கலாமா, ஐயா? (டிக்கோயா)*

பதில்: விற்கிறவருக்கு அது சொந்தமா என்பதுதான் முதல் கேள்வி. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாள் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுக்குப் போயின. 1992இல் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் தோட்டங்களை ஒப்படைத்தார்கள். அந்தக் குத்தகை 2045 வரைக்கும்தான். அதாவது பெரிய தோட்டங்களின் காணி இன்றைக்கும் அரசுடையது. கம்பனிக்காரர் துரை பங்களா வாசலில் நின்று கை நீட்டிக் காட்டும் மலை அவருடைய மலை அல்ல. அவரும் உங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்தான், கொஞ்சம் பெரிய வாடகைக்காரர். உபகுத்தகை கொடுத்தாலும் தன்னிடம் மிச்சமிருக்கும் வருஷங்களைத்தான் கொடுக்க முடியும். "99 வருஷம்" என்று யாராவது சொன்னால் கையில் பென்சில் எடுத்து 2045இலிருந்து இந்த வருஷத்தைக் கழித்துக் காட்டுங்கள்.

தனியார் கையில் சின்னத் தோட்டங்களும் உண்டு, அவற்றை விற்கலாம். ஆனால் தேயிலைக் காணியை நினைத்தபடி துண்டாட விடாமல் 1958இலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆகவே நொத்தாரிசு சொல்வதோடு நிற்காமல், காணிப் பதிவகத்தில் 30 வருஷப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். உறுதியில் 'பிரிபடாத பங்கு' என்று இருந்தால் பேனாவை மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அதற்குப் பொருள், உங்கள் வில்லாவின் குசினி எந்தப் பங்காளிக்குச் சேரும் என்று இன்னும் முடிவாகவில்லை என்பதே.

*கேள்வி: நான் கனடா பாஸ்போர்ட்காரன். ஊரில் ஒரு கோல்ஃப் வீடு வாங்க ஆசை. (ரொறன்ரோ)*

பதில்: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இலங்கையில் காணியை உரிமை மாற்றிக் கொடுக்க முடியாது. 99 வருஷம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தொடர்மாடி வீட்டுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. கோல்ஃப் வில்லாவைத் தொடர்மாடியில் எங்கே தேடுவது? நேர்வழி, இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துக்கொண்டு வருவது. கோணல்வழி, சித்தப்பா மகன் பெயரில் வாங்குவது. அப்படி வாங்கினால் உங்களுக்கு வீடும் இருக்காது, சித்தப்பா மகனும் இருக்கமாட்டார்.

*கேள்வி: எனக்குக் கோல்ஃப் விளையாடத் தெரியாது. பரவாயில்லையா? (தலவாக்கலை)*

பதில்: மாதாமாதம் பில் வரும்போது தெரிந்துவிடும்.

*கேள்வி: என்ன பில், ஐயா? புல்லுக்குமா பில்? (அதே தலவாக்கலைக்காரர், அடுத்த தபாலில்)*

பதில்: புல்லுக்குத்தான் பெரிய பில். வீட்டு விலை ஒன்று, பராமரிப்புக் கட்டணம் ஒன்று, கிளப் அங்கத்துவம் ஒன்று. மூன்றையும் ஒரே வாயால் சொல்லி உங்களைக் குழப்புவார்கள், தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அங்கத்துவம் கட்டாயமா? வீட்டை விற்றால் அதுவும் வாங்குபவருக்குப் போகுமா? பராமரிப்புக் கட்டணத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு, வீட்டுக்காரர் சங்கத்துக்கா, விற்ற கம்பனிக்கா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: திடல் யாருடையது? வீட்டுக்குத்தான் உங்கள் பெயரில் உறுதி. திடல் பெரும்பாலும் இன்னொருவர் பெயரில் இருக்கும். அவருக்கு நஷ்டம் வந்தால் பூட்டிவிட்டுப் போகலாம். அமெரிக்காவில் 2006இலிருந்து பல வருஷங்களாகத் திறந்த திடல்களைவிட மூடிய திடல்கள்தான் அதிகம். பச்சைக்குப் பக்கத்தில் என்று கூடுதல் விலை கொடுத்தவர்கள் இடுப்பளவு புதரைப் பார்த்துக்கொண்டு வழக்குப் பேசினார்கள். சென்னைக் கதை இன்னும் கிட்ட. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவில்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல். அந்த நிலம் 1945இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்துச் செய்து 160 ஏக்கரையும் திரும்ப எடுத்துக்கொண்டது. 99 என்று எழுதிய தாள் 79 வருஷத்திலேயே செல்லாமல் போயிற்று. கிளப்காரர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு திடல் தேடலாம். வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்: திடல் மூடினாலும் அந்த நிலம் வெட்டவெளியாகவே இருக்கும், அதில் கட்டடம் எழாது என்று. அந்த வரியைச் சேர்க்க மறுத்தால் அங்கே அடுத்த கட்ட வில்லா வரப்போகிறது என்று அர்த்தம்.

*கேள்வி: திடலை ஒட்டிய வீடு என்றால் எந்தப் பக்கம் நல்லது? (நானுஓயா)*

பதில்: வாஸ்துக்காரர் வடகிழக்கு என்பார். நான் இடது பக்கம் என்பேன். வலது கைக்காரர்கள்தான் அதிகம், அதிலும் கற்றுக்குட்டிகள் அதிகம். கற்றுக்குட்டி அடிக்கும் பந்து வலது பக்கம் வளைந்து ஓடும், இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். அடிக்கிற மேடையில் நின்று பார்த்தால் வலது கைப் பக்கம், 150 முதல் 250 யார் தூரத்தில் உள்ள வீடுகளுக்குத்தான் கண்ணாடிக்காரர் அடிக்கடி வருவார். பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, ஒரு கோழி முட்டையைவிடக் குறைவு. வரும் வேகத்தில் அது முட்டை மாதிரி நடந்துகொள்வதில்லை.

நுவரெலியாவில் மட்டை தூக்கும் வேலை பார்த்த என் மாமா மகன் சொல்லித்தந்த வழி இது. மனை பார்க்கப் போகும்போது தரகரோடு முன்பக்கம் நிற்காமல் பின்பக்க வேலியடிக்குப் போங்கள். குனிந்து புல்லை விலக்குங்கள். மண்ணேறிப் பழுப்பாகி, குழிகளுக்குள் பாசி பிடித்த பந்துகள் கிடக்கும். இரண்டு மூன்று என்றால் சரி. சட்டைப் பை நிறைந்தால் கூரைக்கு என்ன போடுவது என்று அங்கேயே யோசியுங்கள்.

*கேள்வி: மின்னல்? (பொகவந்தலாவை)*

பதில்: வெட்டவெளி, கையில் இரும்புத் தடி, கேட்கவா வேண்டும்? நுவரெலியாத் திடலோரம் மேஜர் ரொஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அதன் பிறகு கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊர்க்கதை. யானைகளுக்கு யாரோ கணக்கு எழுதுகிறார்கள்.

*கேள்வி: எங்கள் பக்கம் மண் சரிவு பயம். கோல்ஃப் திட்டத்தில் அதையெல்லாம் பார்த்திருப்பார்களா? (வட்டவளை)*

பதில்: இந்தக் கேள்வியை வட்டவளைக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பது! 1990களின் தொடக்கத்தில் நம் ரயில் பாதைக்கு அடியில் மலை நகர்ந்ததும், எஞ்சினியர்கள் வந்து மலைக்குள் இருந்த தண்ணீரை வடிக்கப் பாடுபட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விஷயம் அதுதான்: மலையைத் தள்ளுவது மழை அல்ல, மலைக்குள் தேங்கிய தண்ணீர். கோல்ஃப் திடல் என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவார்கள், அழகுக்குக் குளம் கட்டுவார்கள். அந்தக் குளத்துத் தண்ணீர் எந்தக் கானில் இறங்குகிறது, அந்தக் கான் எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் திட்டம் போட்டவர் அல்ல, படம் போட்டவர்.

மலைநாட்டில் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும். திட்டம் முழுவதுக்கும் ஒரே தாளைக் காட்டினால் போதாது, உங்கள் மனையின் இலக்கம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தாளை மட்டும் நம்பவும் வேண்டாம். பெருமழை விட்ட மறுநாள் போய் நில்லுங்கள். மரங்கள் கள் குடித்த மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? நிலத்தில் புதிய வெடிப்பு? வழக்கமாகத் தெளிந்து வரும் ஊற்று கலங்கி வருகிறதா? பக்கத்து வீட்டுக் கதவு திடீரென்று நிலையில் சிக்குகிறதா? இதற்குச் சான்றிதழ் தேவையில்லை, கண் போதும்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்களை மண் மூடியது. இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தார்கள். சொன்னது தாளில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலை எப்படி இறங்கியது என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

*கேள்வி: துரைமாருக்குப் பதினெட்டுக் குழி, வீடு கட்ட நமக்கு ஏழு பேர்ச். கணக்குப் போட்டீர்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ரொசல்லை)*

பதில்: போட்டேன் சேர். பதினெட்டுக் குழித் திடலுக்கு 150 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 160 பேர்ச், ஆக 24,000 பேர்ச். ஏழால் வகுத்தால் 3,428 குடும்பம், மிச்சம் நாலு பேர்ச். இன்னொரு கணக்கும் உண்டு. பந்தை உருட்டிக் குழியில் போடும் அந்த மழித்த புல்வட்டம் ஒன்று மட்டும் சாதாரணமாக 5,000 சதுர அடி வரும். பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பரா 120 சதுர அடி. ஒரு வட்டத்தில் நாற்பத்தொரு காம்பரா அடங்கும். மிச்ச நாலு பேர்ச்சில் கிளப் கட்டிக்கொள்ளட்டும்.

*கேள்வி: புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'பல்கனியிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்களின் எழில் காட்சி' என்று வசதிகள் வரிசையில் போட்டிருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் அதுவும் சேருமா? (லொனக், ஒரு கொழுந்துக்காரியின் மகள்)*

பதில்: தங்கச்சி, உங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அவர்கள் அச்சடித்திருக்கவே மாட்டார்கள். ஒரு மலையில் ஆள் இறங்கினால் மறுபடி அதே மலைக்கு வர ஏழெட்டு நாளாகும். வில்லாக்காரர் விருந்தாளியைக் கூட்டிவந்து திரையை விலக்கும் நேரம் அம்மா அடுத்த மலையில் இருப்பார். மழை நாளில் இடுப்பில் படங்கும் தலையில் பொலித்தீனுமாக நிற்பதைப் படம் எடுக்கவும் யாரும் விரும்பமாட்டார்கள்.

மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் கவ்வாத்தைப் பற்றியும் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை. விலை கொடுத்து வாங்கிய பச்சை முழுவதும் ஒரே வாரத்தில் போய், மலை எங்கும் முழங்கால் உயரக் குச்சி நிற்கும். துளிர்த்து மறுபடி பச்சை தட்ட மாதக்கணக்காகும். வெட்டி விழுந்த மிலாறை அம்மாமார் கட்டுக் கட்டாகக் கட்டி, வேலை முடிந்து போகும்போது தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். வில்லாக்காரர் பல்கனியில் நின்று பார்க்கலாம், அவருடைய எழில் காட்சி அன்றைக்கு லயத்து அடுப்பில் எரியும்.