பண்ணையத்து பீர்: அப்புச்சி சொல்ற ரோசனை

ஏங்கண்ணு, பெங்களூர்ல நீயும் உன்ற சேக்காளிகளும் நடத்தற பீர் கடையில புதுசா பெல்ஜியத்துப் பண்ணையத்து பீர் எறக்கறீங்களாம். நோட்டீசைப் பார்த்தேன். வைக்கப்போரு, துருப்புடிச்ச அருவா, ஓரமா ஒரு கோழி. அருவா புடிச்சு நிக்கற புள்ளைக்கு நகத்துல சாயம் கூடப் பேரல. அறுவடைன்னா அப்படித்தான் இருக்கோணும்!

நீ குடுத்துட்டுப் போன புஸ்தகத்தை வாத்தியார் மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சேஸோன்ங்கற இந்த பீர் பொறந்தது பெல்ஜியத்துல தெக்கால, பிரெஞ்சு பேசற வலோனியாவுல, அதுலயும் எனோ மாகாணத்துல. பண்ணையக்காரன் ருசிக்காகக் காய்ச்சினான்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. குளுருல காட்டு வேலை கெடையாது. ஆளு சும்மா குந்திக் கஞ்சி குடிக்கறதைப் பார்த்தா எந்தப் பண்ணையக்காரனுக்கு வயிறு எரியாது? அடுப்பு மூட்டுடான்னுட்டான். வெயில்காலத்துல காய்ச்சினா காத்துல இருக்கற கிருமி பூந்து கெட்டும் போகும். கூலிங் மிசின் வராத காலம். அதனால குளுருல காய்ச்சி, கெடாம இருக்க ஹாப்ஸ் பூவைத் தாராளமாப் போட்டு, அறுப்புக்கு வர்ற ஆளுகளுக்குன்னு வச்சிருந்தான். மிஞ்சின தானியச் சக்கை மாட்டுக்கு. ஒரு பருக்கை வீணாகல பாரு, நம்மாளு தோத்தான்.

ஆளுக்கு நாளொண்ணுக்கு அஞ்சு லிட்டர் வரைக்கும் ஊத்துனாங்கன்னு சொல்றாங்க. அத்தனையும் குடிச்சுட்டு அருவா புடிக்கோணும்னா அது என்ன சரக்கா இருந்திருக்கும்? நூத்துக்கு மூணோ மூணரையோ, அவ்வளவுதான் வேகம். நீ 6.5 வச்சிருக்கற. இதை அஞ்சு லிட்டர் குடிச்சவன் கதிரை அறுக்க மாட்டான், காலைத்தான் அறுத்துக்குவான். அதுக்காகக் கொறைக்காத சாமி. அங்கத்து டூபோன் பீர் சாலைக்காரனே 6.5லதான் விக்கறான். கூலியாளு குடிச்ச தண்ணிச் சரக்குன்னு உண்மையை எழுதினா, ஐ.டி. கம்பெனிப் பசங்க அந்த வெலைக்கு வாங்குவாங்களா?

டூபோன் கதை எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. தூர்ப்ன்னு ஒரு கிராமம். அங்க 1920ல அல்ஃப்ரெட் டூபோன்ங்கறவரு பண்ணையத்தோட சேர்ந்த பழைய பீர் சாலையை வெலைக்கு வாங்கினாரு. பீர் மேல மோகமா? இல்ல. மகன் லூயி கனடாவுக்குப் போய்ப் பண்ணையம் பண்றேன்னு மூட்டை கட்டிட்டான். அவனை ஊர்லயே கட்டிப்போடத்தான் அதை வாங்கினாரு. உங்கப்பனும் உன்னை ஊர்லயே நிறுத்தத்தான் புல்லட்டு வாங்கிக் குடுத்தான். நீ அதுலயே ஏறி பெங்களூர் போயிட்ட.

சரி, காரியத்துக்கு வருவோம். இந்த பீரோட ஈஸ்ட்டு மத்ததாட்டம் குளுரு கேக்காது; டூபோன் வீட்டு ஈஸ்ட்டு 30 டிகிரிக்கு மேல போனாத்தான் ஒழுங்கா வேலை செய்யும். நீ ஏ.சி.யைப் போட்டு அதைத் தூங்க வச்சுராத. சூடு குடுத்தாலும் பாதி வழியில சண்டி பண்ணும். இனிப்பு அப்படியே நிக்கும், ஒரு வாரம், ரெண்டு வாரம். அப்பத்தான் உன்ற சேக்காளி எவனாச்சும் வந்து “முடிஞ்சிருச்சு, பாட்டில்ல அடைச்சுரலாம்”பான். அவன் பேச்சைக் கேட்டு அடைச்சீன்னா, மீதி இனிப்பை ஈஸ்ட்டு பாட்டிலுக்குள்ள தின்னும், தீவாளி முன்னாடியே வந்துரும். பொறுத்துக் கெட. கடைசிச் சொட்டு வரைக்கும் இனிப்பு போய், நாக்கு வறண்டு, மொளகாட்டம் ஒரு காரம் தட்டோணும். டூபோன்காரன் பாட்டில்ல அடைச்ச பொறகும் சூடான அறையில அதைப் படுக்க வச்சு ஆறேழு வாரம் காத்திருக்கறான். உனக்கு மூணாம் நாளே போட்டோ எடுக்கோணும்.

ஆரஞ்சுத் தோலு, கொத்தமல்லின்னு கொட்டாத. மாம்பழம் போடலாமான்னு உன்ற கூட்டாளி கேட்டானாமா? அவனை ஜூஸ் கடைக்கு அனுப்பு. அந்த வாசமெல்லாம் ஈஸ்ட்டே குடுக்கும்.

இது அசல் சேஸோன் இல்லைன்னு எவனாச்சும் மீசையைத் தடவிட்டு வந்தா பயப்படாத. பார்லி, கோதுமை, ஓட்ஸ்ன்னு எவன் காட்டுல எது வெளைஞ்சுதோ அதைப் போட்டுத்தான் காய்ச்சினாங்க. பண்ணையத்துக்குப் பண்ணையம் ருசி வேற. அசலைக் கொண்டா, பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பார்க்கலாம்னு சொல்லு. செத்துப்போன அறுப்புக்காரன் வந்து சாட்சி சொல்லப் போறதில்ல. டூபோன் பீருக்கே அமெரிக்காக்காரன் வாங்கிக் குடிக்க ஆரம்பிச்சப்பறந்தான் உலகத்துல மவுசு. 2005ல அமெரிக்காப் பத்திரிகை ஒண்ணு உலகத்துலயே ஒசத்தி பீர்னு எழுதிருச்சு. உள்ளூர்ப் பண்டத்துக்கு வெளியூர்க்காரன் சர்ட்டிபிகேட் குடுத்தாத்தான் மதிப்புங்கறது அந்தச் சீமையிலயும் இருக்குது பாரு.

தொறப்பு விழாவுக்கு வரச் சொல்லியிருக்கற. முட்டி வலி, பஸ்ல ஏற முடியல. எனக்குப் பாட்டிலெல்லாம் அனுப்ப வேண்டாம். உங்கம்மாயி மூக்குக்குத் தப்பி வீட்டுக்குள்ள வராது. அந்தத் தானியச் சக்கையை மட்டும் பால்காரனுக்கு வித்துப்போடாம வாரத்துக்கு ஒரு வண்டி இங்க ஏத்தி உடு. வாடகையை உன்ற கணக்குலயே எழுதிக்க.