மாளிகை வரியும் மளிகைக் கணக்கும்

கே: லாஸ் ஏஞ்சலஸில் பணக்காரர் வீட்டை விற்றால் ஏழைக்கு வீடு கிடைக்குமாமே?

ப: அப்படித்தான் சொல்லி ஓட்டுக் கேட்டார்கள். 2022 நவம்பரில் மக்களும் போட்டார்கள். காகிதத்தில் பெயர் 'யூ.எல்.ஏ.', ஊர் வைத்த பெயர் 'மாளிகை வரி'. தொடக்கத்தில், சொத்து 50 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனால் 4 சதவீதம், ஒரு கோடியைத் தொட்டால் 5.5 சதவீதம். (வரம்பு ஆண்டுதோறும் விலைவாசியோடு ஏறும்.) பணத்தில் பெரும்பகுதி குறைந்த வாடகை வீடுகளுக்கு. மிச்சம், குடியிருப்பவர் தெருவுக்கு வராமல் காக்க: காலி செய்யச் சொல்லும் வழக்குக்கு வக்கீல், வயதானவர்களுக்கு வாடகை உதவி.

கே: அமலுக்கு வந்த தேதி ஏப்ரல் 1 என்கிறார்களே, பொருத்தம்தானா?

ப: 2023 ஏப்ரல் 1. விவரமானவர்கள் அதற்கு முன்பே பத்திரத்தை முடித்துவிட்டார்கள். நடிகர் மார்க் வால்பர்க் பிப்ரவரியில் 5.5 கோடி டாலருக்கு விற்றார். ஏப்ரல் வரை பொறுத்திருந்தால் இந்த வரி மட்டுமே 30 லட்சம் டாலருக்கு மேல். வரிக்காகத்தான் விற்றாரா என்பது அவருக்கும் அவர் ஆடிட்டருக்கும் வெளிச்சம்.

கே: பெவர்லி ஹில்ஸ் ஒன்றே போதுமே, கஜானா நிரம்பிவிடாதா?

ப: ஒரு டாலர்கூட வராது. பெவர்லி ஹில்ஸ் தனி நகராட்சி. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் விற்றால் வரி, அந்தப் பக்கம் விற்றால் விருந்து.

கே: வருஷா வருஷம் கட்டும் சொத்து வரியை ஏற்றிவிட்டுப் போகலாமே? விற்கிறவனை ஏன் மடக்க வேண்டும்?

ப: கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். 1978-ல் கலிஃபோர்னியாவில் மக்கள் ஓட்டில் நிறைவேறிய 'பதின்மூன்றாம் பிரேரணை', சொத்து வரியை அடிப்படையாக 1 சதவீதத்தில் நிறுத்தியது. வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. சொத்து கைமாறினால்தான் புது மதிப்பு. 1980-ல் வாங்கிய தாத்தாவும், பக்கத்து வீட்டைப் போன வருடம் வாங்கிய பேரனும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, பேரன் பல மடங்கு கட்டுகிறான். தாத்தாக்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள் என்பதால் அதைத் தொட யாருக்கும் துணிச்சலில்லை.

மாளிகை வரி நிறைவேறியதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குறிப்பிட்ட காரியத்துக்கான வரியை நகரசபை கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். மக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் போதும் என்று நீதிமன்றங்கள் வழிவிட்டிருக்கின்றன. கிடைத்தது சுமார் 58 சதவீதம். பின்வாசல் இல்லாவிட்டால் மாளிகைக்குள் நுழைந்தே இருக்க முடியாது.

கே: வசூல் எப்படி?

ப: ஆண்டுக்கு 60 கோடி முதல் 110 கோடி டாலர் வரை வரும் என்றார்கள். முதல் ஆண்டில் அந்த 60 கோடியில் பாதிகூடத் தேறவில்லை. கடன் வட்டி எகிறியதும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் வரி மேல் போட முடியாது. ஆனால் வருமான வரிக்குப் பயந்து யாரும் வேலையை விடுவதில்லை. இந்த வரியிலிருந்து தப்பிக்க விற்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும். வசூல் இப்படி நின்றுபோகலாம், ஏழையின் வாடகையோ மாதம் பிறந்தால் வந்து நிற்கிறது.

கே: மாளிகைக்காரன்தானே அழுகிறான், அழட்டுமே!

ப: அவன் மட்டும் அழுதால் நானும் கவலைப்பட மாட்டேன். அடுக்குமாடி, கடை வளாகம், கிடங்கு, காலி மனை எல்லாமே இதில் அடக்கம். அதுவும் லாபத்தில் அல்ல, முழு விலையில். நஷ்டத்துக்கு விற்றாலும் கட்ட வேண்டும். நூறு குடும்பத்துக்கு வாடகை வீடு கட்டி விற்க நினைப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போகிறார். வரியால் விற்பனையும் புதுக் கட்டுமானமும் குறைந்ததாக 2025-ல் யூ.சி.எல்.ஏ. ஆய்வாளர்கள் எழுதினார்கள், வரியின் ஆதரவாளர்கள் மறுக்கிறார்கள். என்னைக் கேட்டால், வரி இருக்கட்டும். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியைச் சில வருடம் விட்டுவிடுங்கள். வீடு கட்டப் பணம் திரட்டும் வரி, கட்டுகிறவனையே விரட்டினால் பணத்தை வைத்து என்ன செய்வது?

கே: சரியாக 50 லட்சம் டாலருக்கு விற்றால்?

ப: தொடக்க வரம்புப்படி, இந்த வரி இல்லை. ஒரு டாலர் சேர்த்து விற்றால் மொத்தத்துக்கும் வரி, அதாவது 2 லட்சம் டாலர். அந்த ஒரு டாலரைத் தெருவில் கண்டாலும் குனிந்து எடுக்காதீர்கள்.

கே: சிகாகோவிலும் முயன்றார்களாமே?

ப: 2024 மார்ச்சில் தோற்றது. 10 லட்சம் டாலருக்குக் கீழான வீடுகளுக்கு வரியைக் குறைக்கிறோம் என்று ஆசை காட்டியும்! வரி குறையும் என்று அரசாங்கம் சொன்னால் நம்ப ஆள் வேண்டாமா?

கே: பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டால் தீர்ந்தது. அமெரிக்கர்களுக்கு இதுகூடவா தெரியாது?

ப: அங்கே பணம் பெரும்பாலும் 'எஸ்க்ரோ' எனும் மூன்றாவது ஆள் கையில் தங்கித்தான் விற்பவருக்குப் போகிறது. பையில் பாதி, பத்திரத்தில் பாதி என்பதற்கு அந்த ஆளையும் பங்காளியாக்க வேண்டும். நம் கலையைச் சொல்லித்தர டியூஷன் சென்டர் திறக்கும் எண்ணமிருந்தால், விசா நேர்காணலில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.